வெயிலுக்குக் கழித்தது

தாயி,

நீ பசுமலைக்குப் போய் உன் பேராசிரியையிடம் சொல்லிக்கொண்டு திரும்ப எப்படியும் சாயங்காலம் ஆகிவிடும். அதற்குள் இதை எழுதி முடிக்க வேண்டும். நீ கேட்ட பழைய லேப் நோட்டுக்குள் சொருகி, உன் பெட்டியின் மேல் வைத்துவிடுவேன். நாளை மறுநாள் உனக்கு ரயில். ஒரே வீட்டில் இருந்துகொண்டு மகளுக்குக் கடிதம் எழுதுகிற அப்பனை நீ எங்கேயும் கண்டிருக்க மாட்டாய். வாயால் சொல்லிவிடலாம் என்றுதான் ஒரு மாசமாகப் பார்த்தேன். நீ காப்பி டம்ளரோடு எதிரில் வந்து உட்காருவாய். நான் தொண்டையைச் செருமுவேன். "என்னப்பா?" என்பாய். "ஒன்னுமில்ல, மோட்டார் போட்டியா?" என்பேன். இந்த மாசம் நம் வீட்டுத் தொட்டி நிறைந்து வழிந்ததற்கெல்லாம் காரணம் இதுதான்.

ஆராய்ச்சிக்கு உனக்கு வடக்கே இடம் கிடைத்துவிட்டது என்று தந்தி வந்த அன்றைக்கே நீ அந்த நோட்டைக் கேட்டாய். "அப்பா, டாக்டரம்மா ஆராய்ச்சி பண்ணின நோட்டு உங்ககிட்டதான இருக்கு? குடுங்க, கொண்டு போறேன். அம்மா நம்பர் அதுல இருக்குல்ல" என்றாய். டாக்டரம்மா வாயால் கேட்ட அந்த நம்பரை நீயே சொல்லவும் செய்தாய். "பதினெட்டு. கால் எடுக்கறதுக்கு ஆறு வாரத்துக்கு முன்னாடி பதினெட்டு. ரத்தத்துல ஒரு அறிகுறியும் இல்லாம ஒரு கால் எப்படிப்பா அழுகும்? இதத்தான் நான் கண்டுபிடிக்கணும்" என்றாய். நேர்காணலில் உன்னை ஏன் இந்தத் துறைக்கு வந்தாய் என்று கேட்டதற்கும் இதையே சொன்னதாகச் சொன்னாய். நான் தந்தியைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தேன். அதில் மொத்தமே ஆறேழு வார்த்தைதான் இருந்தது.

அந்த நம்பர் பொய் தாயி. அதை எழுதியவன் நான்.

உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், பொறுத்துக்கொள். வரிசையாகச் சொல்லாவிட்டால் நடுவில் எங்கேயாவது நழுவிவிடுவேன், என்மேல் எனக்கே நம்பிக்கையில்லை. நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரி லேபில் என் கையில் இருந்தது ஈ.எஸ்.ஆர். பார்க்கிற வேலை. ரத்தத்தை மெல்லிய கண்ணாடிக் குழாயில் உறிஞ்சி, ஸ்டாண்டில் நேராக நிறுத்தி வைத்தால், சிவப்பு மெல்லக் கீழே இறங்கும், மேலே மஞ்சளாகத் தெளிவு நிற்கும். ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது என்று பார்த்து எழுத வேண்டும். உடம்பில் எங்கேயாவது அழற்சி இருந்தால், கண்ணுக்குத் தெரியாத சீழோ வீக்கமோ உள்ளே இருந்தால், சிவப்பு வேகமாக இறங்கும். எங்கே இருக்கிறது என்று அது சொல்லாது. எங்கேயோ இருக்கிறது, போய்த் தேடு என்று மட்டும் சொல்லும். இருபது வருஷம் நான் அந்தக் குழாய்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

எமர்ஜென்சி முடிந்த மறுவருஷம் டாக்டரம்மா அந்த ஆராய்ச்சியை ஆரம்பித்தார்கள். உனக்கு ஞாபகம் இருக்கும், ஒல்லியாக, எப்போதும் ஒரு கையில் குடையோடு, என்னை 'அண்ணே' என்று கூப்பிடுவார்கள். சர்க்கரை வியாதிக்காரர்களில் ஒருத்தருக்குக் கால் அழுகுகிறது, இன்னொருத்தருக்கு ஒன்றும் ஆவதில்லை. அது ஏன், புண் வெளியே தெரிவதற்கு முன்பே ரத்தத்தில் அழற்சி தெரியுமா என்பதுதான் அவர்கள் கேள்வி. இன்றைக்கு நீ கேட்பதும் அதே கேள்விதான். காலில் புண் இல்லாத சர்க்கரைக்காரர்களை வரவழைத்து ரத்தம் எடுப்போம். ஈ.எஸ்.ஆர். காரணமில்லாமல் இருபதுக்கு மேல் வந்தால் அவர்களைத் திரும்ப வரச் சொல்லி, செருப்பைக் கழற்றி, விரல் இடுக்கு வரைக்கும் பார்த்து, காலை எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்பது டாக்டரம்மா போட்ட சட்டம்.

சட்டத்துக்கு எதிரி மதுரை வெயில். சூட்டில் அந்தச் சிவப்பு தானாகவே வேகமாக இறங்கும். சித்திரையில் கரண்டு போய் ஃபேன் நின்றுவிட்டால், நல்ல ஆரோக்கியமான ஆளின் ரத்தம்கூட வியாதிக்கார ரத்தம் மாதிரி நம்பர் காட்டும். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் ஓய்வு பெற்றுப் போகும்போது எனக்குக் காதோடு சொல்லிவிட்டுப் போனார்: "தம்பி, வெயிலுக்குக் கழிச்சு எழுதுங்க." எவ்வளவு கழிப்பது என்று எந்தப் புத்தகத்திலும் கிடையாது. சட்டை முதுகில் ஒட்டினால் ஐந்து, வேர்வை நோட்டில் சொட்டினால் பத்து. அவர் அப்படித்தான் செய்தார், நானும் அப்படித்தான் செய்தேன். கழித்ததுதான் நோட்டில் ஏறும். கழிக்காத நம்பர் எங்கேயும் இருக்காது. இதைத் தப்பு என்று யாரும் நினைக்கவில்லை, தொழில் தெரிந்தவன் செய்கிற காரியம் என்றே நினைத்தோம்.

டாக்டரம்மாவின் ஆராய்ச்சி தொடங்கியபோது நிறுத்தித்தான் பார்த்தேன். வந்த நம்பரை வந்தபடி எழுதினேன். அந்தக் கோடையில் கொட்டாம்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருத்தரை இரண்டு தடவை திரும்ப வரவழைக்க வேண்டியதாகிவிட்டது. இரண்டு தடவையும் காலில் ஒன்றுமில்லை. கடலை பிடுங்குகிற நேரத்தில் பஸ் ஏறி வந்த மனுஷன், சீட்டை என் மேசையில் விசிறி அடித்துவிட்டு, "ஏய்யா, என்னய வேல வெட்டி இல்லாதவன்னு நெனச்சீகளா? உள்ள என்னமோ இருக்கு, என்னமோ இருக்குங்குறீக, பாத்தா ஒன்னையும் காணோம். எம் பொண்டாட்டி நான் சாகப் போறேன்னு அழுது கெடக்கா" என்று கத்தினார். டாக்டரம்மாவும் சலித்துப் போய், "அண்ணே, வேகுற ரூமுல குழாய வச்சுட்டு எனக்கு நம்பர் குடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டார்கள். நோட்டில் சூட்டை எழுத ஒரு கட்டம் போட்டுக் கொடுத்தார்கள். நான் கட்டத்தையும் நிரப்பினேன், பழையபடி கழிக்கவும் ஆரம்பித்தேன். அவர்களிடம் சொல்லவில்லை. அவர்களுக்கு உபகாரம் செய்வதாகவே எண்ணம்.

இனி நம் வீட்டுக் கதை. உங்கம்மாவுக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்த நாளிலிருந்து நம் அடுப்படி ஜன்னலில் ஸ்பிரிட் விளக்கும் நீல மருந்தும் உட்கார்ந்துகொண்டன. காலையில் அவள் வைத்துவிட்டுப் போகிற சிறுநீரில் எட்டுச் சொட்டு எடுத்து மருந்தோடு காய்ச்சுவேன். நீலம் மாறாமல் நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று போய்ச் செங்கல் நிறத்துக்கு வந்தால் ஆபத்து. "உங்க அப்பாவுக்குக் காலைல பக்தி முத்திருச்சு, வெளக்கு ஏத்தியாச்சு" என்று உங்கம்மா உன்னிடம் கேலி செய்வாள். நம் வீட்டில் எப்போதும் நீலம். எனக்கு அதில் அவ்வளவு பெருமை. லேபில் டீ குடிக்கும்போது அளந்து விடுவேன்: "எங்க வீட்டம்மாவுக்கு நான் பாத்துக்கிறதுதான் வைத்தியம். ஒரு நாள் நிறம் மாறி நான் பாத்ததில்ல." அவளை நான் ஒரு நாள்கூடக் காலை நீட்டச் சொல்லிப் பார்த்தவன் இல்லை. குழாயைப் பார்த்தேன், நிறத்தைப் பார்த்தேன், அதோடு சரி.

ஆராய்ச்சி தொடங்கி மூன்றாம் வருஷ ஐப்பசியில் டாக்டரம்மா, "அண்ணே, அண்ணியையும் கூட்டிட்டு வாங்க, ஆராய்ச்சில சேத்துருவோம்" என்றார்கள். தீபாவளி முடிந்து ஒரு வாரம் இருக்கும். காலையில் கிளம்பும்போது உங்கம்மா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "இந்தக் கால் ஒன்னு மட்டும் சூடா இருக்காப்ல இருக்குங்க" என்றாள். வலிக்கிறதா என்றேன். வலியெல்லாம் இல்லை என்றாள். "தீபாவளிக்கு நின்னுகிட்டே பலகாரம் சுட்டா சூடாத்தான் இருக்கும், நட" என்றேன். செல்லூர்ச் சந்தில் முழங்கால் தண்ணீர். இரண்டு நாளாக விடாத மழை. லேத் பட்டறைக்காரர்கள் கழித்துப் போட்ட இரும்புச் சுருளெல்லாம் தெருத் தண்ணீரில் மிதிபடுகிற இடம் அது. இரண்டு பேரும் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தோம்.

ரத்தத்தில் சர்க்கரை பார்க்கிறவர் வேறு ஆள். அவர் நம்பரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தபோதே லேபில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். ரொம்பக் கூடுதல். "என்னண்ணே, உங்க வீட்டு நீலம் ஆஸ்பத்திரிக்கு வந்ததும் கலங்கிப் போச்சு?" என்றார் அவர். கெட்ட மனுஷன் இல்லை, விளையாட்டாகச் சொன்னார். எனக்குக் காதெல்லாம் எரிந்தது. இத்தனை நாள் அளந்ததெல்லாம் பல்லை இளித்துக்கொண்டு நின்றது. உங்கம்மாவை உள்ளே கூப்பிட்டு, "தீபாவளியப் பூராத் தின்னு தீத்தியா?" என்று பல்லைக் கடித்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். டாக்டரம்மா அன்றைக்கே மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தார்கள். இதை மறக்காதே, அன்றைக்கே கூட்டிவிட்டார்கள். பின்னால் இதற்கு வருவேன்.

ஈ.எஸ்.ஆர். குழாய் என் ஸ்டாண்டில் நின்றது. உங்கம்மா பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, சினிமா பார்க்கிற மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணி ஆனதும் நான் குனிந்து பார்த்தேன். நாற்பத்தெட்டு. இரண்டாவது தடவை கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். நாற்பத்தெட்டேதான்.

"என்னங்க, மத்ததெல்லாம் மேலேயே நிக்கிது, என்னுது மட்டும் இம்புட்டுத் தூரம் எறங்கிக் கெடக்கு?" என்றாள்.

"அது ஒன்னுமில்ல. வெயிலு."

அவள் ஜன்னலைப் பார்த்தாள். சாத்தியிருந்த கண்ணாடியில் தண்ணீர் தாரை தாரையாக வழிந்துகொண்டிருந்தது. "மழையில ஏதுங்க வெயிலு?" என்று சிரித்தாள். "வாய மூடிட்டு வெளிய உக்காரு, வாரேன்" என்றேன்.

அவள் போனதும் பதினெட்டு என்று எழுதினேன். ஐந்தோ பத்தோ கழித்தால்கூட அவளைத் திரும்ப வரச் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் முப்பது கழித்தேன். அவ்வளவு கழித்து நான் எந்த வெயிலிலும் எழுதியதில்லை. என் மனசில் என்ன ஓடியது என்று எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன். அவளுக்குக் கெடுதல் நினைத்தேனா என்றால் இல்லை. அந்த நம்பரை நம்பவில்லையா என்றால், நம்பினேன். இன்னொரு தடவை அந்த டீ கிளாஸ் சிரிப்பைக் கேட்க முடியாது என்பதுதான் ஓடியது. இரண்டாவது நம்பரும் மோசம் என்றால் 'அண்ணே வைத்தியம்' ஒரு மாசத்துக்குப் பேச்சாகிவிடும். சளி பிடித்திருக்கும், அதனால் ஏறியிருக்கும், அடுத்த மாசம் நாமே சத்தமில்லாமல் ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சூட்டை எழுதுகிற கட்டத்தில் மட்டும் பேனா ஓடவில்லை. அதைக் காலியாக விட்டுவிட்டு நோட்டை மூடினேன்.

அடுத்த மாசம் பார்க்கவில்லை. உனக்குத் தேர்வு, எனக்கு லேபில் இன்ஸ்பெக்‌ஷன், ஏதோ ஒன்று. மறந்துபோனேன் என்று சொல்லிவிடலாம், ஆனால் மறக்கவில்லை. நினைப்பு வரும்போதெல்லாம் வேறு வேலையைப் பார்த்தேன்.

மிச்சம் உனக்குத் தெரியும். ஒரு சனிக்கிழமை காலையில் உங்கம்மா குளித்துவிட்டு வரும்போது ஈரத் தரையில் அவள் பாதம் பட்ட இடமெல்லாம் கறையாக இருந்ததைப் பார்த்து முதலில் கூப்பிட்டது நீதான். பாதத்தின் நடுவில் தோல் கறுத்து, விட்டுக்கொண்டிருந்தது. சர்க்கரையில் மரத்துப்போன கால், அவளுக்கு வலியே இல்லை, "சகதி ஒட்டியிருக்கும்டி" என்று தேய்த்துக்கொண்டு நின்றாள். எக்ஸ்ரேயில் எலும்போடு ஒட்டிக்கொண்டு ஒரு இரும்புச் சுருள் கிடந்தது, உன் சுண்டுவிரல் நகம் அளவுதான். சர்ஜன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "இது ரெண்டு மூணு மாசமா உள்ள கெடக்கு. வெளிய தோல் மூடிக்கிச்சு, உள்ள எலும்பத் தின்னுருச்சு. ஆரம்பத்துல பாத்திருந்தா கீறி எடுத்துட்டு அனுப்பியிருப்பேன்" என்றார். முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

டாக்டரம்மா வார்டுக்கு வந்தார்கள். கையில் ஆராய்ச்சிக் காகிதம். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, எனக்குப் புரியவே இல்ல. இம்புட்டு சீழ் உள்ள இருந்திருக்கு, அப்ப ஈ.எஸ்.ஆர். பதினெட்டுதான இருந்துச்சு? நீங்கதான பாத்தீங்க?" என்றார்கள். நான் டிபன் கேரியரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். "ஆமாங்கம்மா, பதினெட்டுதான்" என்றேன். உங்கம்மா கண்ணை மூடியிருந்தாள். தூங்குகிறாள் என்றே நினைத்தேன். சர்க்கரைக்காரர்களுக்கு இந்தச் சோதனையை நம்ப முடியாது என்று டாக்டரம்மா எழுதி முடித்தார்கள். அதற்குப் பிறகு அந்த வேலையைத் தொடவே இல்லை. மாற்றல் வாங்கிக்கொண்டு போகும்போது, "மூணு வருஷம் போச்சுண்ணே, ஒன்னும் கிடைக்கல" என்றார்கள். பழைய காகிதத்தோடு போக இருந்த நோட்டை நான் வீட்டுக்கு எடுத்து வந்தேன். ஆசைப்பட்டு எடுத்து வந்ததாக நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். வேறு யாரும் பிரித்துப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக எடுத்து வந்தேன்.

இதுவரைக்கும் சொன்னதுகூட என் தொழிலில் நான் செய்த குற்றம். இனிச் சொல்லப்போவது உனக்குச் செய்தது. இதை எழுதத்தான் எனக்குக் கை வரமாட்டேன் என்கிறது.

கால் எடுத்த மூன்றாம் நாள், ஆஸ்பத்திரி வராந்தாவில் தண்ணீர்க் குழாய் பக்கத்தில் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். உனக்குப் பதினைந்து வயசு. "எல்லாம் என்னாலதான்ப்பா. தீபாவளிக்கு அம்மா அதிரசம் சாப்பிட்டாங்க. உங்களுக்குத் தெரிஞ்சா வைவீங்கன்னு, ஒரு வாரம் காலைல அவங்களுக்குப் பதிலா என்னுத வச்சோம். அம்மா வேணாம்னுதான் சொன்னாங்க, நான்தான் குடுத்தேன். அதான் நீலமா இருந்துச்சு. சர்க்கரை ஏறுனது தெரியாமப் போயி இப்பிடி ஆயிருச்சு" என்றாய். எனக்கு அந்த நிமிஷம் என்ன தோன்றியது தெரியுமா? எழுதவே வெட்கமாக இருக்கிறது. பாரம் இறங்கின மாதிரி இருந்தது. காரணம் ஒன்று கிடைத்துவிட்டதே, அதில் என் பேர் இல்லையே என்று இருந்தது. உன் தலையைத் தடவி, "விடு, ஆனது ஆச்சு" என்றேன். 'ஆனது ஆச்சு' என்றால், ஆமாம், உன்னால்தான், ஆனால் மன்னித்தேன் என்று அர்த்தம். நீ அப்படித்தான் எடுத்துக்கொண்டாய். நானும் அப்படியே எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டேன்.

அந்தத் தீபாவளிக்குப் பிறகு நீ இனிப்பைத் தொட்டதில்லை. எத்தனை தீபாவளி போயிருக்கிறது. பக்கத்து வீட்டிலிருந்து தட்டு வரும், நீ முறுக்கை எடுத்துக்கொண்டு தட்டை நகர்த்தி வைப்பாய். 'எனக்குப் பிடிக்காதுக்கா' என்பாய். சின்னதில் வெல்லப் பாகு காய்ச்சின சட்டியை வழித்து நக்கின பிள்ளை நீ. உன்னைப் பெண் கேட்டு வந்த நல்ல இடத்தையும் 'படிச்சு முடிச்சுர்றேன்' என்று திருப்பி அனுப்பினாய். எதற்காகப் படிக்கிறாய் என்று ஊருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மகளைப் படிக்க வைத்த அப்பன் என்று தெருவில் எனக்கு மரியாதை வேறு.

கால் போன பிறகு உங்கம்மா இரண்டு வருஷம் இருந்தாள். "ஒத்தச் செருப்பு கேட்டா கடைக்காரன் குடுப்பானா, இல்ல எனக்காக இன்னொருத்திக்கு மத்தக் கால எடுக்கணுமா?" என்று அவள் பேசினதற்கு நீ சிரித்துக்கொண்டே அடுப்படிக்குள் போய் அழுவாய். பிறகு சிறுநீரகம் கெட்டது, முகம் வீங்கினது, எல்லாம் நீ கூட இருந்து பார்த்ததுதான். கடைசி வாரத்தில் ஒரு மத்தியானம், நீ மருந்து வாங்கப் போயிருந்தாய். நல்ல வெயில். அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறக்காமலே, "அன்னைக்கு நல்ல மழை, இல்லீங்க?" என்றாள். எனக்குக் கை நின்றுபோனது. "என்னைக்கு?" என்று கேட்டேன், தெரியாதவன் மாதிரி. அவள், "புள்ளைட்ட சொல்லீருங்க. அது தன்னாலன்னு நெனச்சுக்கிட்டுத் திரியுது" என்றாள். சொல்கிறேன் என்று தலையை ஆட்டினேன். நான் ஆட்டினதை அவள் பார்த்தாளா இல்லையா தெரியாது. வார்டில் டாக்டரம்மா கேட்ட அன்றைக்கு அவள் தூங்கவில்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. இரண்டு வருஷம் என்னோடு ஒரே வீட்டில், ஒரு காலோடு, எல்லாம் தெரிந்து, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் இருந்திருக்கிறாள்.

அவள் சொல்லச் சொன்னதை இப்போதுதான் சொல்கிறேன். நீ படித்தவள், யோசித்துப் பார். நீங்கள் இரண்டு பேரும் என்னை ஏமாற்றியது ஒரு வாரம். அந்த வாரம் முடிந்த கையோடு லேபில் ரத்தத்திலேயே சர்க்கரை தெரிந்துவிட்டது. அன்றைக்கே மாத்திரையைக் கூட்டியாகிவிட்டது. நீ மறைத்தது அன்றைக்கே வெளியாகி, அன்றைக்கே அதற்கு மருந்தும் போய்விட்டது. இரும்பு அதற்கும் முன்னாலிருந்தே உள்ளே இருந்தது. அது இருக்கிறது என்று அவள் ரத்தம் என் கண்ணுக்கு நேராக நின்று சொன்னது. நாற்பத்தெட்டு என்று எழுதியிருந்தால் அந்த வாரமே டாக்டரம்மா செருப்பைக் கழற்றச் சொல்லியிருப்பார்கள். சர்ஜன் சொன்ன மாதிரி கீறி எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். உனக்கு இதில் எங்கேயும் இடமில்லை. அந்தக் காலை எடுத்தது நான்.

நீ ஆராய்ச்சிக்குப் போகிற கேள்வியே இப்போது கையில் இல்லாமல் போய்விட்டது என்பதும் எனக்குத் தெரிகிறது. ரத்தத்தில் அறிகுறி இல்லாமல் எப்படிக் கால் அழுகியது என்றுதானே கேட்டாய். அறிகுறி இருந்தது. அந்த நோட்டில் மற்றப் பக்கங்களையும் நம்பாதே. எந்தெந்த நம்பரில் கழித்தேன், எவ்வளவு கழித்தேன் என்று எனக்கே தெரியாது. கழித்ததால் திரும்ப வரவழைக்காமல் விட்ட ஆட்கள் யார் யார், அவர்களில் எத்தனை பேருக்கு உங்கம்மா மாதிரி ஆனது என்பதும் தெரியாது. கோபத்தில் சீட்டை விசிறி அடித்த அந்தக் கொட்டாம்பட்டி மனுஷன் நன்றாக இருந்தார். அதற்கப்புறம் நான் வரச் சொல்லாதவர்களைத்தான் தினமும் நினைத்துக்கொள்கிறேன். கல்யாண வீட்டில், பஸ்ஸில், கட்டை ஊன்றி யார் ஏறினாலும் முகத்தை உற்றுப் பார்க்கிறேன். அப்பன் என்ற பேரில் உனக்குச் சொல்ல ஒரே ஒரு புத்திதான் மிச்சமிருக்கிறது. உனக்குப் பிடிக்காத நம்பர் வந்தால் அதை அப்படியே எழுது, எழுதிவிட்டுப் பக்கத்தில் வெயில் என்றோ மழை என்றோ போட்டுக்கொள். யாருக்கும் உபகாரம் செய்வதற்காக அதில் கை வைக்காதே.

நீ மன்னிப்பாய் என்று நான் இதை எழுதவில்லை. மன்னித்தாலும் எனக்கு அதை வைத்துக்கொள்ள இடமில்லை. நாளை மறுநாள் ரயிலடிக்கு நான் வரலாமா வேண்டாமா என்பதை நீ சொல். வேண்டாம் என்றால் வாசலோடு நின்றுகொள்கிறேன். சாமான் அடுக்கும்போது, சமையல்கட்டு மேல் தட்டில் ஒரு டப்பா இருக்கிறது, அதை எடுத்து வை. பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லி அதிரசம் சுட்டு வாங்கியிருக்கிறேன். சாப்பிட முடிந்தால் சாப்பிடு.

லேபில் எங்களுக்கு ஒரு விதி உண்டு. தப்பாக எழுதியதை அழிக்கக் கூடாது, சுரண்டக் கூடாது. தெரிகிற மாதிரி ஒரே கோட்டால் அடித்து, சரியானதைப் பக்கத்தில் எழுதி, அன்றைய தேதியோடு கையெழுத்துப் போட வேண்டும். இன்றைக்குக் காலையில் நீ கிளம்பிப் போனதும் நோட்டைத் திறந்தேன். பதினெட்டை ஒரு கோட்டால் அடித்து, நாற்பத்தெட்டு என்று எழுதி, கையெழுத்துப் போட்டேன். சூடு எழுதுகிற கட்டம் காலியாகவே இருந்தது. அன்றைக்கு எத்தனை டிகிரி என்று இப்போது எனக்குத் தெரியாது. தெரிந்ததை எழுதினேன். மழை.

அப்பா